விளக்கு எரியாத வீடு

இல்லை அம்மா, இறந்தோர் நாளுக்கு என்னால் ஊருக்கு வர முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

திஹுவானாவில் அமெரிக்க எல்லை வேலியை ஒட்டி மேட்டுக்கு மேடு வீடு முளைக்கிறது. எங்கள் மேட்டில் யாருக்கும் பட்டா கிடையாது. ஓர் இரவு விளக்கு எரியாவிட்டால், அந்த வீடு அடுத்து வருகிறவருக்கு.

போன வாரம் தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தேன். காலையில் திரும்பினால் என் பூட்டு உடைந்து கிடக்கிறது, அடுப்பில் பீன்ஸ் கொதிக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண்.

“விளக்கு எரியலையேக்கா. வேலி தாண்டிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“பூட்டிட்டுப் போனவ திரும்பி வரமாட்டாளாடி?”

“இந்த மேட்டுல அப்படி யாரு வந்திருக்காங்கக்கா?”

பக்கத்து வீட்டு ரெஃபூகியோ எட்டிப் பார்த்தாள். “பீன்ஸ் வெந்துருச்சு. தின்னுட்டுச் சண்டை போடுங்கடி.”

தின்றோம். அவள் பெயர் எரென்திரா. போக்கிடம் இல்லாதவள், என்னோடே தங்கிவிட்டாள். இப்போது நான் வேலைக்குப் போகும் இரவுகளில் அவள்தான் விளக்கேற்றுகிறாள். ஆனால் ஊரில் பத்து நாள் தங்கிவிட்டு வந்தால் வீடு அவளுடையதாகியிருக்கும். கெட்டவள் அல்ல. அவள் இடத்தில் நான் இருந்தாலும் கதவைத் திறக்கமாட்டேன்.

அப்பாவின் புகைப்படத்தை அனுப்புங்கள். அடுக்களையில் இருக்கும் தூபக்கிண்ணத்தையும். இந்த முறை படையலை இங்கேயே வைக்கிறேன். இவ்வளவு தூரம் அவருக்கு வழி தெரியுமா என்பதுதான் யோசனை.

ஷிப்ட் வண்டி ஹாரன் அடிக்கிறது. படத்துக்குச் சுவரில் ஆணி அடித்துவிட்டேன்.

உங்கள் நயேலி