மாரியாயிக்கு ஒன்றரை நிமிடம்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெக்கை. லாபு தோட்டப் பக்கம் மழை கண்டு இரண்டு வாரம். பி.பி. மாத்திரை வாங்க வேண்டும்.

மருமகள் சாந்தி ஒரு தாள் தந்திருக்கிறாள். கம்பெனிகளில் அவள் நடத்தும் வகுப்பாம். பார், எடைபோடு, முடிவெடு, செய். பிறகு மறுபடி பார். போர் விமானிகளின் முறை. "உங்க முன்னேற்றத்துக்கும் ஒரு குறிக்கோள் எழுதுங்கம்மா." எழுபத்தெட்டு வயதில் முன்னேற்றம். ஆனாலும் கான்வென்டில் படித்தவள், தாளை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டேன்.

குறிக்கோள்: சாகும்வரை இதே வீடு.
என் குறை: முடிவெடுக்க நாள் கடத்துவது.
இடையூறு: மகன் ரவி. ஒருமுறை விழுந்தாலும் சிரம்பானுக்குக் கூட்டிப் போய்விடுவானாம்.

குளியலறையில் இருமுறை விழுந்தாகிவிட்டது. வேலைக்காரி மாரியாயிதான் தூக்கினாள். வாயைத் திறக்காதே என்றிருக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

பல்செட் கடிக்கிறது. முருங்கைக்கீரை முற்றல்.

மீன்காரன் மோட்டாரில் வந்தான். கெம்போங் மீன், கண் மங்கல். வேண்டாம்.
"இன்னிக்குப் பிடிச்சதுலா, கிராணியம்மா."
"யார், உன் தாத்தா பிடித்ததா?"
முடிவெடுக்கப் பத்து வினாடி.

மாதர் சங்கத் தலைவி போன். மூட்டுவலி, அழுகை. பாதியில் வைத்துவிட்டேன். இந்த முறை எனக்குப் பொருந்துகிறது.

மார்ச் 6, வியாழன்

மேகம் மட்டும்.

பார்: பின்வாசலில் மாரியாயி, கைப்பேசியில் கிசுகிசுப்பு. "சரி தம்பி, நான் பாத்துக்கறேன்." அவள் தம்பி என்பது ரவியை மட்டும்.

எடைபோடு: மறைந்த என் வீட்டுக்காரர் தோட்டத்தின் பெரிய கிராணியாக, தலைமைக் கணக்கராக இருந்தபோது தொழிலாளர் லயத்தில் ஒருவனை வைத்திருந்தார். யார் என்ன பேசினார்கள் என்று இதே பின்வாசலில் வந்து சொல்வான். நான்தான் காப்பி கொடுப்பேன். கோள் சொல்கிறவர்களின் முதுகு எனக்குத் தெரியும்.

முடிவு. செய்.

"என் வீட்டுக் கதையை என் மகனிடமே ஓதுகிறாயா?"
"இல்லங்க கிராணியம்மா, தம்பி கேட்டாரு, நான் வந்து..."
"லயத்துப் புத்தி. உன் அம்மாவுக்கும் இதேதான். சாவியை வை."

வைத்தாள். அடுப்பிலிருந்த பருப்பை இறக்கிவிட்டுப் போனாள். பத்தொன்பது வருட வேலை, ஒன்றரை நிமிடம்.

மறுபடி பார் என்பது சந்தேகப் பிராணிகளுக்கு. விட்டுவிட்டேன்.

மார்ச் 8, சனி

மழை. ரவி ஈரக் குடையோடு கூடத்துக்கே வந்தான்.

"ரெண்டு தடவை விழுந்திருக்கீங்க."
"யார் சொன்னது?"
"மாரியாயி அக்காதான். வாராவாரம் கேப்பேன். அம்மா நல்லா நடக்குறாங்க தம்பின்னு ஒரே பாட்டு. நேத்து கேட்டா, வேலையில இல்லைன்னாங்க. அப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

நாளைக்கே சிரம்பானுக்குப் புறப்பட வேண்டுமாம்.

அவன் போனதும் மாரியாயிக்குப் போன் செய்தேன். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. காலையில் வா என்றேன்.
"கால் வீங்கியிருக்கு கிராணியம்மா. மக வேணாங்கறா."
"அவனிடம் ஏன் சொன்னாய்?"
"நான் இருந்தப்ப நீங்க விழுந்தா தூக்கிடுவேன். இப்ப யாரு இருக்கா?"

மார்ச் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. சாந்தி வந்து அலமாரியைக் காலி செய்கிறாள். அவருடைய சட்டைகள் வேண்டாத குவியலில்.

குளியலறைக்கு நானே நடந்து போனேன். சாந்தி பின்னாலேயே வந்து கதவருகில் நின்றாள்.
"தாழ்ப்பாள் போடாதீங்கம்மா."
போடவில்லை.