இந்த முறை பெட்டி என்னுடையது

ஜூன் 9, 2025

பெருநாள் கறி இன்னும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. கபீர் வந்து பதினோரு நாள். இருபத்தாறு வருஷம் தம்மாமில் வேலை பார்த்துவிட்டு, "முடிச்சுட்டு வந்துட்டேன்" என்று இறங்கிய மனிதர். காலையில் நான் எழுந்து போனால் எனக்கு முன்னால் அடுக்களையில் நிற்கிறார். நிற்கட்டும், அவர் வீடுதானே. ஆனால் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்த்து, "இது என்ன மாஜிதா, இது எதுக்கு?" என்று கேட்கிறார்.

எரிச்சலாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போகட்டும்.

அடுத்த வீட்டு சைதூன் பீவி அக்கா இன்றைக்கும் சொன்னாள்: "ஒங்க ரெண்டு பேருக்கும் சண்டையே வராது, கொடுத்து வச்சவ நீ." வருஷத்துக்கு நாற்பது நாள் லீவு. பத்து நாள் விருந்து, பத்து நாள் அடுத்தவர் கல்யாணம், மீதியில் பெட்டி கட்ட வேண்டும். சண்டைக்கு எங்கே நேரம்?

ஜூன் 11

வெளிநாட்டுப் பயணத்துக்கு இன்னும் மூன்று நாள். வள்ளி, ஹஸீபா, நான். மூன்று பேரும் குற்றாலத்தில் காலேஜ் படித்தபோது ஒரே பெஞ்சு. வள்ளி போலீஸில் ஏட்டம்மாவாக இருந்து போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கியவள். ஹஸீபா மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அவள் மகள் லிஸ்பனில் வேலை பார்க்கிறாள், அழைப்புக் கடிதம் அனுப்பியது அவள்தான். மார்ச்சிலேயே விசாவுக்குக் கொடுத்தாயிற்று. இவர் வேலை மே மாதம் முடியும் என்று யார் கண்டார்கள்?

"நான் வந்திருக்கேன், நீ கெளம்பிட்டியாக்கும்" என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன்.

இன்றைக்கு மத்தியானம் தம்மாமிலிருந்து பழைய கம்பெனி கூப்பிட்டது. இன்னும் ரெண்டு வருஷம் வரச் சொல்கிறார்கள். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீ போயிட்டு வந்து சொல்லு. போன்னு சொன்னாப் போறேன், இருன்னு சொன்னா இருக்கேன்."

உடனே "இருங்க" என்று சொல்ல வேண்டியதுதானே? வாய் வரவில்லை. இந்த நோட்டிலாவது உண்மையை எழுதுகிறேன் — போனால் நல்லது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பின்கட்டில் நாலு தையல் மெஷின், என் ஸ்கூட்டர், என் நேரத்துக்குச் சாப்பாடு, என் இஷ்டத்துக்குத் தூக்கம். இவ்வளவு நாள் நானே கட்டி ஓட்டிய வாழ்க்கை இது. பாவி, என்ன மனசு இது?

ஜூன் 14, திருவனந்தபுரம் ஏர்போர்ட்

என் பெட்டியை அவர்தான் கட்டினார். எடை மெஷினில் நிறுத்து, அரைக் கிலோ கூடுது என்று என் ஊறுகாய்ப் பாட்டிலை வெளியே எடுத்தார். நாலு பக்கமும் மார்க்கரில் பெரிசாக 'மாஜிதா கபீர், தென்காசி' என்று எழுதினார். கைப்பிடியில் சிவப்பு ரிப்பன். "பெல்ட்ல வரும்போது சட்டுனு தெரியும்." எத்தனை தடவை தனக்குத்தானே கட்டிக்கொண்ட பெட்டி!

ஒவ்வொரு தடவையும் இங்கே வெளியே, தூண் பக்கத்தில், நான் நிற்பேன். அவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார். கல்நெஞ்சு என்று நினைத்திருக்கிறேன். போகிறதில் சந்தோஷமோ என்றும் நினைத்திருக்கிறேன்.

இன்றைக்கு அவர் அதே தூண் பக்கத்தில் நின்றார். நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்தது தப்பு. கால் நகரவே இல்லை. வள்ளிதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் திரும்பிப் பார்க்காதது ஏன் என்று இப்போது தெரிகிறது.

ஜூன் 16, லாகுஷ்

போர்ச்சுகலின் தெற்குக் கடற்கரை. லிஸ்பனிலிருந்து ரயிலில் வந்தோம். மஞ்சள் பாறைகள் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகின்றன. வெயிலில் கண் கூசுகிறது, ஆனால் வேர்க்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் மஃரிப் தொழுகை. ஹஸீபா வாட்சை மூன்று தடவை பார்த்தாள்.

கரையோரக் கடையில் மீன். ஆவலோடு உட்கார்ந்தால் நம் சாளை! வெறும் கல்லுப்பு போட்டுச் சுட்டு வைத்திருந்தார்கள். வள்ளி தட்டையே பார்த்தாள். "மசாலா தடவ மறந்துட்டானுவளா?" என்று கேட்டு, பையிலிருந்து மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தை எடுத்துத் தூவினாள். பரிமாறிய ஆள் ஒரு துண்டு கேட்டுச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே ஓடினான். ரொம்ப நாள் கழித்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஜூன் 17

வள்ளி விடுதியைக் கெடுத்துவிட்டாள்.

தண்ணீரைக் கண்டால் எண்ணெய் தேய்க்காமல் இறங்க மாட்டாள். குற்றாலத்துக்காரிக்கு அதுதான் குளியல். தலை முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்து, அரை மணி நேரம் வெயிலில் ஊறி, விடுதி நீச்சல் குளத்துக்குள் இறங்கினாள். பத்து நிமிஷத்தில் குளம் முழுக்க எண்ணெய் மிதந்தது. இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஏறின. விடுதிக்காரம்மா கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அருவின்னா அடிச்சுக்கிட்டுப் போயிரும். இங்கன தண்ணி ஓட மாட்டேங்குதே, நான் என்னத்தட்டி செய்ய?"

மூன்று பேரும் மத்தியானம் வரை வலைக்கம்பால் எண்ணெயை வழித்தோம். சாயங்காலம் அந்த அம்மாவே காபி கொடுத்து, அந்த எண்ணெய் என்ன எண்ணெய் என்று கேட்டாள். முழங்கால் வலியாம்.

ஜூன் 18

பாறைப் படியில் இறங்கும்போது கால் பிசகிவிட்டது. கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கிறது. ஹஸீபா கட்டுப் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவர் போன். மிக்ஸியின் சின்ன ஜாரைக் காணோமாம்.

"ஒனக்கு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கேன். ஒரு குறையும் இல்ல. நல்லாச் சாப்பிடுதேன்."

போனை வைத்ததும் ஹஸீபா சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு கத்தார்ல இருந்தப்ப இப்படியேதான் பேசுவாரு. வார்த்தைகூட மாறல."

நான் பேசியது கபீரின் வார்த்தை. இந்த மூன்று வாக்கியத்தையும்தான் இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நம்பிக்கொண்டும் இருந்தேன்.

அப்படியென்றால் 2017-இல்? மூன்று வாரம் வீடியோவில் வரவே இல்லை. "கேமரா கெட்டுப்போச்சு" என்றார். அடுத்த லீவில் வந்தபோது தாடைக்குக் கீழே ஒரு தழும்பு. சேவ் பண்ணும்போது கீறியதாம். பிளேடு அவ்வளவு நீளமாகவா கீறும்? நான் ஏன் கேட்கவில்லை? கேட்க நேரம் இல்லையா, கேட்கப் பிடிக்கவில்லையா?

ஜூன் 19

நடக்க முடியவில்லை. பஸ்ஸில் கிழக்கே வந்தோம். ஜன்னல் வழியாகக் கடல், கடல், கடல்.

ஜூன் 20, தவீரா

ஊருக்கு வெளியே உப்பளம். தூத்துக்குடி போலவே வெள்ளைக் குவியல்கள். வள்ளியும் நானும் வரப்பில் உட்கார்ந்தோம், ஹஸீபா படம் எடுக்கப் போய்விட்டாள்.

"போவச் சொல்லப் போறியா, இருக்கச் சொல்லப் போறியா?" என்றாள் வள்ளி.

"தெரியலட்டி. அவர் இருந்தா மூச்சு முட்டுது. இல்லன்னா பழகிருச்சு."

"நீ அந்தாளு கூட எங்கட்டி குடும்பம் நடத்தின? போன் கூடல்லா நடத்தியிருக்கே. ஆளு எப்படின்னு மொதல்ல பாரு. பெறவு சொல்லு."

அங்கிருந்தே கூப்பிட்டேன். 2017-இல் என்ன நடந்தது என்று கேட்டேன். முதலில் பேச்சை மாற்றப் பார்த்தார். விடாமல் கேட்டேன்.

"ரெண்டாவது மாடிலேருந்து விழுந்துட்டேன். பதினொரு தையல். தோள்பட்டை எலும்பும் போச்சு. நீ ஒத்தையில இருப்ப, ஒன்ட்ட சொல்லி என்ன செய்ய?"

யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டேன். அறையில் கூட இருந்த மசூது என்பவர் பதினெட்டு நாள் கஞ்சி ஊட்டினாராம். அந்தப் பெயரையே நான் இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். என் புருஷனுக்குச் சோறு ஊட்டின மனுஷன் பேரு எனக்குத் தெரியல. என்ன பொண்டாட்டி நான்?

பிறகு என் காலைப் பற்றிச் சொன்னேன். "ஐஸ் வச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 22

கடல் தண்ணீர் குற்றாலத்துத் தண்ணீரைவிடக் குளிர். காலை மட்டும் நனைத்தேன். வள்ளி எண்ணெய் இல்லாமல் இறங்கினாள், குளித்த மாதிரியே இல்லையாம்.

ஜூன் 25, தென்காசி

ஏர்போர்ட்டில் அதே தூண் பக்கத்திலேயே நின்றார். நான் நொண்டி வருவதைப் பார்த்ததும், தடுப்புக் கம்பிக்கு அடியில் குனிந்து உள்ளே வந்துவிட்டார். காவலர் விசில் ஊதினார். காதில் வாங்கவே இல்லை.

ஆரியங்காவு தாண்டியதும் சாரல். அவர் காரின் ஜன்னலை இறக்கிக் கையை வெளியே நீட்டினார். அவர் லீவு எப்போதும் டிசம்பரில்தான் வரும். குற்றாலச் சீசன் சாரலில் நனைந்து இருபத்தாறு வருஷமாம். செங்கோட்டை வரைக்கும் கையை உள்ளே இழுக்கவில்லை, சட்டைக்கை சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது.

ஜூன் 28

காலை டீயின்போது கேட்டார். "கம்பெனிக்கு என்ன சொல்ல?"

"வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லுங்க."

டம்ளரைக் கையில் பிடித்தபடியே இருந்தார். ஆறிப் போனது. வேறொன்றை ஊற்றிக் கொடுத்தேன். மசூதுக்கு போன் போட்டுத் தரச் சொன்னேன். நன்றி சொல்லத் தெரியாமல் உளறினேன், அவர் அந்தப் பக்கம் அழுதுவிட்டார்.

ஜூலை 3

இன்றைக்குச் சண்டை.

தையல் துணி கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அடுக்களையே தலைகீழ். டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கி, பெட்டிக்கு எழுதுகிற அதே மார்க்கரில் 'சீரகம்', 'வெந்தயம்', 'உளுந்து' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

"யாரக் கேட்டுத் தொட்டீங்க? இது ஒங்க தம்மாம் ரூமா?"

"இருபத்தாறு வருஷம் நானே பொங்கித் தின்னவன். எனக்குத் தெரியாதா எது எங்கன இருக்கணும்னு?"

"தெரிஞ்சா சின்ன ஜாரு எங்கன்னு எதுக்கு போன் போட்டுக் கேட்டீங்க?"

அவரும் கத்தினார். நானும் கத்தினேன். அரை மணி நேரம். மத்தியானம் அவர் முன் அறையில் சாப்பிட்டார், நான் பின்கட்டில். நாலு மணிக்கு வாசலில் நிழல் தெரிந்தது.

"டீ போடவா?"

"சீனி கொறச்சுப் போடுங்க," என்றேன், தையலிலிருந்து தலையைத் தூக்காமல்.

சுவருக்கு அந்தப் பக்கம் சைதூன் பீவி அக்கா எக்கிப் பார்த்தாள். "ஏட்டி மாஜிதா, காலையில சத்தம் ஒங்க வீட்டுலயா?"

"எங்க வீட்டுலதான்க்கா," என்றேன்.