எந்த ஃபோல்டரை முதலில்

உத்திரமேரூர்,
சனிக்கிழமை.

அன்பு மகள் சுபாஷ்ரீக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், டொராண்டோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் வாய் திறந்தால் அழுகை வந்துவிடும், அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், பொறுமையாகப் படி.

நம் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாகவே நின்று நின்று ஓடியது உனக்குத் தெரியும். விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள் என்று நீயும் சொன்னாய், முகூர்த்தமெல்லாம் முடியட்டும் என்று அப்பா தள்ளிக்கொண்டே போனார். திங்கள் காலை நீலத் திரையோடு நின்றுவிட்டது. அன்றைக்கே திருப்புலிவனத்துக் கீதா வந்தாள். போன மாதம் அவள் கல்யாணத்தை நாம்தான் எடுத்தோம். அவள் அப்பா சடையப்பன் அதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். "எங்க நைனா நடந்து பேசறது அந்த வீடியோலதான் கீது அக்கா, காரியத்துக்குள்ள குடுத்துடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கேமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது, இருந்தது அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

பழுது பார்க்கும் தினேஷ்குமார் வந்து பார்த்து, "விண்டோஸ் பூட்ச்சிக்கா, ஃபார்மட் பண்ணி ஏத்திட்டா மத்தியானமே ஓடும்" என்றான். அப்பாவும் தலையாட்டினார். நான் விடவில்லை. அழித்துப் போட்டால் உள்ளே இருப்பதும் போகுமே, டிஸ்கிலிருந்து டிக் டிக்கென்று சத்தம் வேறு. "அதைக் கழற்றி உன் கம்ப்யூட்டரில் மாட்டி முதலில் காப்பி எடு, அப்புறம் புது டிஸ்கில் விண்டோஸ் போடு" என்று தினேஷ்குமாரிடம் சொன்னேன். காதை வைத்துக் கேட்டவன் முகம் மாறிவிட்டது. "டிஸ்க்கே போவப் போவுதுக்கா. எது மொதல்ல வேணும்னு சொல்லு, மிச்சத்துக்கு நான் கேரண்டி இல்ல" என்றான்.

தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து டிஸ்கை அதில் மாட்டினான், திரையில் வரிசையாக ஃபோல்டர்கள். உன் கல்யாணமும் அதில் இருந்தது, ஊரார் வேலையே பார்த்து உன்னுடையதை எடிட் பண்ணாமலே வைத்திருந்தோம். அப்பா என்னைப் பார்த்தார். கீதா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், உன் கல்யாணமும் அதில் இருப்பது அவளுக்குத் தெரியாது. கீதாவுடையதை முதலில் போடு என்றேன். காப்பி ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு நகர்வதும் நிற்பதுமாக இருந்தது, கரண்ட் போய்விடுமோ என்று அப்பா வாசலுக்கும் மீட்டருக்கும் நடந்தார். ஒருவழியாக முழுதும் வந்தது. பிறகு உன்னுடையதைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது, டிஸ்க்கும் நின்றது. சென்னையில் காட்டியும் இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். உன் கல்யாண வீடியோ போய்விட்டது சுபா. ஆல்பம் மட்டும் இருக்கிறது.

கீதா அங்கேயே பார்த்தாள். பந்தியில் சடையப்பன், "இன்னும் ரெண்டு வடை வையி, வெக்கப்பட்டுக்கினு கீறான் பாரு" என்று யாரையோ அதட்டுகிறார். அவள் சிரித்தாள், சிரிப்பிலேயே அழுகையும் வந்துவிட்டது.

உன்னைக் கேட்காமல் செய்தேன், கோபமிருந்தால் என்னைத் திட்டு. உன் லேப்டாப்பில் இருப்பதை இன்றைக்கே வேறொன்றில் காப்பி எடுத்து வை. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும். உனக்கு எப்படிச் சொல்வது என்று திங்களிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. இதைப் படித்ததும் முதலில் அவரைக் கூப்பிடு, அவர் குரலைக் கேள்.

உன் அம்மா,
சாரதா