ஒரு பட்டை கூடுதல்

செவ்வாய்க் கோள், நாள் 418, காலை 07:10. முகாம், பட்டறைக் கூடாரம்

பனி தேடித் துளை போடும் ஒன்றாம் எண் போர் வண்டியைத் தூக்கிக் கட்டும் வேலை முடிந்தது. வண்டியின் வயிறு தரையிலிருந்து ஒரு முழம் கூடுதலாக உயர்ந்திருக்கிறது. பெரிய சக்கரங்கள், நீளமான ஷாக் அப்சர்பர்கள். வில் பட்டைகளை ஆக்சிலோடு பிணைக்கும் யு போல்ட்டுகள் இரண்டாம் முறை முறுக்கிப் பார்க்கப்பட்டன. பின் ஆக்சிலுக்கு மேல் வில் பட்டைகள் ஏழு அடுக்காக இருந்தன. இப்போது எட்டு.

எட்டாவது எதற்கு என்று கேட்டேன். மெக்கானிக் அம்மையப்பன் திருச்செங்கோட்டுக்காரர். அவர் ஊர் ஆட்கள் போர் வண்டி வாங்கினால் நம்பர் பலகை மாட்டுவதற்கு முன்பே பின்னால் ஒரு பட்டை கூட்டிவிடுவார்களாம். ஏற்றச் சொன்னதைப்போல் இரண்டு பங்கு ஏற்றினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். இங்கே எடை பூமியில் இருப்பதில் பாதிகூட இல்லையே, கூட்டுவதற்குப் பதில் ஒன்றைக் கழற்றவல்லவா வேண்டும் என்றேன். விண்வெளி உடையின் வானொலியில் அவர் சொன்ன பதில்:

"பட்டை பத்தாமப் படுத்த வண்டி நூறு பாத்திருக்கறேனுங்க அம்மிணி. பட்டை கூடிப்போயிப் படுத்த வண்டி ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்."

முகாம் மேலாளர் ரெங்கமன்னாரும் அவர் பக்கம். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். பட்டறையில் நிலவியல்காரியின் சொல்லும் அப்படித்தான். நாளை தனியாகக் கிளம்புகிறேன்.

வேதநாயகி, துளைப்பணி.

நாள் 419, மாலை 16:40. வடக்குத் துளையிடம்

வந்து சேர்ந்தேன். வழியில் பல்லுக்குழி என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் பள்ளம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சரிவு, சரிவு முழுக்கக் கூர்கல். போன இரண்டு முறையும் வண்டியின் வயிறு அங்கேதான் தட்டி நின்றது. இன்று ஒரு கல்கூடத் தொடவில்லை. முதுகில் துளைக்கம்பிகள், குழாய்கள், தொட்டி என்று முழுப் பாரம். கல்யாண வீட்டுக்குப் போகிற மாமியார் மாதிரி நிதானமாக நடந்தது வண்டி.

உள்ளதைச் சொல்ல வேண்டுமே. முகாமுக்குச் செய்தி அனுப்பினேன்: "வண்டி பிரமாதம். பின்பக்கம் ஆட்டமே இல்லை. அம்மையப்பனுக்கு ஒரு கும்பிடு."

"நாஞ் சொல்லலீங்களா! நீங்க நம்பலையே!" என்று அவர் சிரித்தது, ரெங்கமன்னார் "அந்த அளவையெல்லாம் எழுதி வச்சுக்கோங்கப்பா" என்றது, எல்லாம் கேட்டது.

நாள் 423, காலை 10:30. வடக்குத் துளையிடம்

பனி கிடைத்தது. கெட்டியான, சுத்தமான பனி. கம்பிகளையும் குழாய்களையும் தொட்டியையும் இங்கேயே இறக்கிவிட்டேன், அடுத்த குழு வந்து தொடரும். மாதிரிப் பெட்டியுடன் வெறும் வண்டியாகத் திரும்புகிறேன். பத்து நாளில் முதல் முறையாகச் சந்தோஷமாக இருக்கிறேன்.

நாள் 423, பிற்பகல் 14:15. பல்லுக்குழி, அடிவாரம்

வண்டி கவிழ்ந்துவிட்டது. உயிரோடு இருக்கிறேன்.

பள்ளத்தில் இறங்கும்போது முதல் கல்லில் பின்பக்கம் குதித்தது. வேகத்தைக் குறைத்தேன். இரண்டாவது கல்லில் பின் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் நின்றன. மூன்றாவதில் எழுந்த பின்பக்கம் திரும்ப இறங்கவே இல்லை. தலைக்கு மேலே தரை வந்தது.

இடது கணுக்கால் முறிந்திருக்கிறது. வண்டியின் அறையில் காற்று கசியாமல் நிற்கிறது. கூரையும் அதன் மேலிருந்த வானொலிக் கம்பமும் நசுங்கிவிட்டன. தலைக்கவசத்தின் மைக் ஸ்டியரிங்கில் மோதித் தூள். காதில் ஒலிப்பான் மட்டும் வேலை செய்கிறது. கேட்க முடியும், பேச முடியாது.

காரணம் இப்போது புரிகிறது. பாரம் இருந்தால் எட்டுப் பட்டையும் வளைந்து கொடுக்கும். வெறும் வண்டிக்கு, இந்த எடையில், அது வில் இல்லை, தண்டவாளம். தூக்கிக் கட்டியதால் வண்டியின் உடம்பும் உச்சியில் நிற்கிறது. ஒவ்வொரு கல்லும் வண்டியைப் பின்னாலிருந்து எட்டி உதைக்கிறது. அம்மையப்பன் கேட்ட அந்த ஒரு வண்டி என்னிடம் இருக்கிறது. அவரிடம் சொல்லத்தான் வழியில்லை.

நாள் 423, இரவு 20:50

முகாம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. மேலே சுற்றும் செயற்கைக்கோளின் படத்தில் என் வண்டி பல்லுக்குழிக்குள் ஒரு புள்ளியாகத் தெரிகிறதாம். நிற்கிறதா கிடக்கிறதா என்று புள்ளியில் தெரியாது. வானொலிதான் பழுது, வண்டி நின்றுவிட்டது என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். இரண்டாம் எண் வண்டியை அனுப்பப் போகிறார்களாம். அது பழைய பட்டையோடு இருக்கும் வண்டி. அப்பாடா என்று சாய்ந்தேன். அதற்குள் அம்மையப்பன் குரல்:

"அம்மிணி, கேக்குதுங்களா? ரெண்டாம் நம்பரு தாழ்வா இருக்குதுங்க, குழியில வயிறு தட்டிப்போயிரும். அதையும் தூக்கிக் கட்டி, ஒரு பட்டை கூட்டிப் போட்டுட்டு வந்தர்றேன். நீங்களே பின்பக்கம் ஆட்டமில்லேன்னு சொன்னீங்களே. ரெண்டே நாளு பொறுத்துக்கங்க."

கத்தினேன். கவசத்துக்குள் தொண்டை கிழியக் கத்தினேன். ஊமை கண்ட கனவு என்பார்கள், ஊமைக்காவது கையை ஆட்டிக் காட்ட எதிரே ஒரு ஆள் இருப்பான். நான் அனுப்பிய ஒரே பாராட்டு, அதைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். இத்தனை நாளில் என் பேச்சை முகாமில் நம்பியது இந்த ஒரு தடவைதான்.

நாள் 424, மாலை 17:30

முகாம் பக்கத்துச் சரிவில் ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்கு. தவழ்ந்தேன். அவர் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும், அதுவும் வெறும் வண்டியாக.

வண்டி பழுதாகி ரோட்டில் நின்றால் நம் லாரிக்காரர்கள் பின்னால் கல்லை வரிசையாக வைப்பார்கள். எழுதாத சட்டம் அது. பார்த்த டிரைவர் பிரேக்கில் கால் வைக்காமல் போகமாட்டான். பாதை குழிக்குள் திரும்பும் விளிம்பில், குறுக்கே, தூக்க முடிந்த கற்களையெல்லாம் வரிசையாக வைத்துவிட்டு வந்தேன். அங்கேயே காத்திருக்க உடையில் காற்று போதாது. அறையின் காற்றுப் பம்பும் சாகக் கிடக்கிறது, உடையை நிரப்ப ஒரு முழு நாள் பிடிக்கும்.

அம்மையப்பன் இறங்கிப் பார்ப்பார். கீழே மல்லாந்து கிடக்கும் வண்டியைப் பார்ப்பார். அது போதும், புத்திசாலி மனிதர்.

நாள் 425, பிற்பகல் 15:20

வந்துகொண்டிருக்கிறார். காலையிலிருந்து பேச்சை நிறுத்தவில்லை.

"நீங்க கேக்கறீங்களோ என்னமோ, நாம் பாட்டுக்குப் பேசிட்டே வர்றேனுங்க. அரிசிம்பருப்பு செஞ்சு எடுத்தாந்திருக்கறேன். நெய்யி மட்டும் இல்லீங்க, அதுக்கு மட்டும் என்னைத் திட்டப்படாது."

அழுகை வந்தது. பசியும் வந்தது.

"குழி தெரியுதுங்க... வழியில கல்லுக் கெடக்குதுங்க. சரிவுல உருண்டு வந்ததாட்டம் இருக்குது. முன்னயெல்லாம் எறங்கித் தள்ளோணும். இப்ப என்னத்துக்குங்க? இதுக்குத்தானே தூக்கிக் கட்டுனது! மேல ஏத்தியே வந்தர்றேன், பாருங்க."

பார்த்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன் சக்கரங்கள் என் கல் வரிசையை அழகாகத் தாண்டின.

"ஏனுங்... பின்னால..."

நாள் 425, மாலை 18:00

கல்லில் பின்பக்கம் எழும்பி, அவர் வண்டி சரிவின் ஓரத்தில் இருக்கும் பிளவுக்குள் உருண்டு போய்விட்டது. விளிம்புவரை தவழ்ந்து போனேன். கீழே ஒரே இருட்டு, இந்தக் காலோடு இறங்க முடியாது. விளிம்பில் படுத்துக் கல்லால் பாறையைத் தட்டினேன். திருப்பித் தட்டுவார் என்று வெகுநேரம் பாறையில் கையை வைத்திருந்தேன். ஒன்றும் இல்லை.

நான் வைத்த கல். வேறு எப்படி எழுதினாலும் பொய்.

நாள் 426, காலை 08:10

ரெங்கமன்னார்: "வேதா, அம்மையப்பனும் குழிக்குள்ள வந்துட்டாருன்னு படத்துல தெரியுது. அவர் வானொலியும் கேக்கலை, குழியில சிக்னல் இல்லை போலிருக்கு. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கீங்க, அதுவே நிம்மதி. மூணாம் நம்பர் வண்டிக்கும் அவர் அளவுப்படியே பட்டை கூட்டியாச்சு. நானே ஓட்டிட்டு வர்றேன். நாளைக்குச் சாயங்காலம் உங்களோட இருப்பேன்."

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதாம். இங்கே புலியும் செத்தது, முதல் பூனையும் செத்தது. இரண்டாவது பூனை கம்பியைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது.

நாள் 427, காலை 11:40

பம்பு நின்றுவிட்டது. உடையில் இருப்பது பாதிக்கும் குறைவு. மேலே ஏறப் போதும். திரும்பி வரப் போதாது. அவர் வரும்வரை போதுமா என்றால், போதாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தேன்.

இந்தக் குறிப்புகளை எழுதிவரும் திரைப்பலகையை மார்பில் கட்டிக்கொண்டு போகிறேன். எழுத்தைப் பெரிதாக்கி, திரை அணையாமல் வைத்திருக்கிறேன். அன்றைக்கே கற்களுக்கு மேல் இதை வைத்திருக்கலாம். கல்லே பேசும் என்று நினைத்தேன்.

முதலில் கற்களை உருட்டித் தள்ளிவிடுவேன். பிறகு அந்த இடத்தில் குறுக்கே படுத்துக்கொள்வேன். கல் மேல் ஏற்றுவதற்குத்தான் வண்டியைத் தூக்கிக் கட்டினோம். மனுஷி மேல் எவரும் ஏற்றமாட்டார்கள்.

ரெங்கமன்னார் சார், நின்றுவிட்டீர்கள் என்றால் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். குழிக்குள் இறங்காதீர்கள். கீழே காப்பாற்ற யாரும் இல்லை. வண்டியை அங்கேயே நிறுத்தி, பின்னால் எட்டாவது பட்டையைக் கழற்றுங்கள். யு போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும், அம்மையப்பன் அளவுப்படி முறுக்கியது. பொறுமையாகக் கழற்றுங்கள்.

அப்புறம் என்னை ஏற்றுங்கள். எனக்கு அவசரம் இருக்காது.