வேலையை விடாதே என்று அம்மா எழுதச் சொன்னது

மத்திகிரி,
ஞாயிற்றுக்கிழமை.

இதனால் சகல ஜனங்களுக்கும், குறிப்பாகக் குஜராத்தில் இருக்கும் என் அண்ணன் பூபதிக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நம் வீட்டுக்காரருடைய சிவப்புக் கோழி அப்பாவின் டூல்ஸ் பைக்குள் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. டெஸ்டருக்கும் கட்டிங் பிளேயருக்கும் நடுவில் முட்டைகள். எடுத்து இடம் மாற்றலாம் என்று கை வைத்தேன், கொத்திவிட்டது. வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “என்னோட குடித்தனக்காரங்கள்லயே இதுதாண்டா சத்தம் போடாத பார்ட்டி, இருக்கட்டும் விடு” என்று சொல்லிவிட்டுப் போனார். கோழிக்கு அந்த இடம் எப்படிப் பிடித்தது என்று நீ யோசிப்பாய். அசையாத இடமாகப் பார்த்துத்தானே கோழி உட்காரும். அந்தப் பையை யாரும் தூக்கி மூன்று மாதம் ஆகப்போகிறது.

என் சாமி பூபதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், நீ அங்கே சுகமாக இருக்கக் கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். இதில் ‘சுகமாக’ என்ற இடத்தில் அம்மா கொஞ்சம் நிறுத்தினாள், நான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், “அப்படியே போடுடா” என்றாள், போட்டுவிட்டேன். கோழிச் செய்தி மட்டும் என் சொந்தச் சரக்கு, அதை அவள் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனேக்கல்லில் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்குத் தமிழ் நாக்கில் உண்டு, விரலில் இல்லை. அதனால் பேச்சு அவளுடையது, பேனா உன் தம்பி சக்தியுடையது. போனிலேயே சொல்லலாமே என்பாய். இருப்பது ஒரே அறை, ஒரே போன், அதுவும் அப்பாவின் சட்டைப் பையில். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சாப்பிட்டியா, அங்க மழையா என்பதைத் தாண்டி அம்மாவுக்குப் பேச்சு வராது. இப்போது அவர் கால்நடைப் பண்ணைப் பக்கம் நடக்கப் போயிருக்கிறார், இந்த நாட்களில் அதுதான் அவருக்கு ஜெனரல் ஷிஃப்ட். வேலிக்கு வெளியே நின்று அரசாங்க மாடுகள் மேய்வதைச் சரிபார்த்துவிட்டு வருவார். அவர் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்று அம்மா அவசரப்படுத்துகிறாள்.

விஷயம் இதுதான். நீ போன வாரம் போனில், பேப்பர் போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன், அப்பா கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாயாம். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. “ஒரு வீட்ல ஒரு ஆளு வேலைய விட்டது போதும், ரெண்டாவது ஆளு வேணாம், பெரிய எழுத்துல போடு” என்றாள். அப்பா கம்பெனியில் வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் உன்னிடம் கேட்டபோது, விட்டுடுங்கப்பா, எத்தனை வருசத்துக்கு அவன் சைரன் அடிச்சா நீங்க எந்திரிப்பீங்க என்று நீதானே தைரியம் சொன்னாய், அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் இப்போது வருகிறேன் என்கிறாய் என்பது அம்மாவின் கணக்கு. கை போனது உன் பேச்சால் இல்லை என்று உனக்குப் புரியவைக்க வேண்டுமாம். அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த ஒரு வாரமும் அப்பா, கரண்டுன்னா அடிக்கத்தான் செய்யும் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாரா? அன்றைக்கு என்ன நடந்தது என்று எங்களுக்கும் போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

மோட்டார் ரிப்பேர் கடை ஆரம்பித்தபோது அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும் நீ. முதலாளி ஆகிவிட்டேன் என்றார். கடையில் முதல் ஆளும் அவர், கடைசி ஆளும் அவர், வேறு ஆளே கிடையாது என்று நான் சொன்னேன், சிரித்தார். ஆனால் கம்பெனி அவரை விட்டுப் போகவில்லை. காலை எட்டு அடிக்கும்போது ஷட்டர் மேலே போகும், பத்து மணிக்கு டீ, தனியாக உட்கார்ந்து குடித்தாலும் பத்துக்குத்தான் டீ. எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற விவசாயியை நிற்கவைத்து என்ன கோளாறு, எப்போது நின்றது என்று அட்டையில் எழுதிய பிறகுதான் ஸ்க்ரூவைக் கழற்றுவார். எல்லாவற்றிலும் பெரியது அந்தச் சிவப்பு அட்டை. கம்பெனியில் மெயின்டனன்ஸ்காரன் மிஷினில் கை வைப்பதற்கு முன்னால் மெயின் சுவிட்சை இறக்கி, அதில் தன் போட்டோ போட்ட சிவப்பு அட்டையை மாட்டிவிட்டுப் போவான். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். மேனேஜரே வந்தாலும் அதைத் தொட மாட்டார், தொட்டவனுக்கு அன்றைக்கே கேட் பாஸ். அதே மாதிரி ஒன்று தனக்கும் வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபிளெக்ஸ் கடையில் சொல்லி அப்பா அடித்து வாங்கினார். சிவப்பு அட்டை, நடுவில் பாஸ்போர்ட் சைஸ் அப்பா, கீழே ‘ஆள் வேலையில் இருக்கிறார், தொடாதீர்’. ஆள் வேலையில் இல்லாமல் சொந்தத் தொழிலில் அல்லவா இருக்கிறார் என்று கேட்டேன், தலையில் ஒன்று கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பாரூரிலிருந்து மாரம்மா வந்திருந்தார்கள். அப்பாவுக்கு அடிபட்டது அவர்கள் தோட்டத்துப் போர் மோட்டாரில்தான். ஒரு பை நிறைய வேர்க்கடலை, அதற்கு மேல் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொருள். வாசலைத் தாண்டாமல் நின்றுகொண்டே அம்மாவிடம் சொன்னார்கள். அன்றைக்கு அப்பா மோட்டார் ரூமில் மெயினை இறக்கி அட்டையை மாட்டிவிட்டு, தென்னைக்கு அந்தப் பக்கம் இருக்கிற போர்க்குழிக்குப் போயிருக்கிறார். மாரம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்தவர்கள் ரூமுக்குள் பார்த்திருக்கிறார்கள். எழுத்து படிக்கத் தெரியாது. ஒரு மனிதரின் படம், சுற்றிலும் சிவப்பு, இரும்பில் தொங்குகிறது. “உசுரோட இருக்கற மனுசன் போட்டோவ இப்படித் தொங்கவுடுவாங்களாம்மா, செத்தவங்களுக்குப் போஸ்டர் ஒட்டற மாதிரி இருந்துச்சு. நல்ல மனுசனாச்சே, ஆகாதேன்னுதான் எடுத்து, முந்தானையில தொடச்சி, சாமி படத்தாண்ட வெச்சேன்” என்றார்கள். கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஓட்டுகிற மூணு பேஸ் கரண்டு வந்திருக்கிறது. மாரம்மாவின் புருஷன் ஓடிவந்து பார்த்தால் ரூமில் ஆள் இல்லை, அட்டையும் இல்லை, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து மெயினைத் தூக்கிவிட்டார். ஸ்டார்ட்டர் ஆட்டோவில் இருந்தது, பட்டனை அமுக்காமலே கரண்டு போர்க்குழி வரைக்கும் போய்விட்டது. அங்கே அப்பாவின் வலது கையில் கேபிள்.

இதைச் சொல்லிவிட்டு மாரம்மா மஞ்சள் துணியைப் பிரித்து அட்டையை அம்மா கையில் கொடுத்தார்கள். அப்பா அந்த இரண்டு விரல் இல்லாத கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவில்லை. அம்மா ஒன்றும் திட்டவில்லை அண்ணா, திட்டுவாள் என்றுதான் நான் நினைத்தேன். உள்ளே வந்து தண்ணி குடிங்க என்றாள், அவ்வளவுதான். அவர்கள் போன பிறகு அப்பா தானாகவே சொன்னார். இந்தப் பக்கத்து வயர்மேன் எவனும் அட்டை மாட்டுவது கிடையாதாம். ஃபியூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் போர்ப் பக்கமே போவானாம். கட்டை தன்னிடம் இருந்தால் எவன் சுவிட்சைத் தூக்கினாலும் கரண்டு போகாது. “இது எனக்குத் தெரியாதா. தெரியும். ஆனா அது கத்துக்குட்டிங்க பண்ற வேலைன்னு நெனச்சேன். நம்ம அட்டைய எவன் தொடுவான்னு இருந்துட்டேன்” என்றார். அம்மா சொல்கிறாள், இதில் பூபதி எங்கே வருகிறான், அவன் பேச்சு எங்கே வருகிறது, அவன் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதற்கு மேல் வருவதை அம்மா எழுதச் சொல்லவில்லை, அவள் அரிசி களையப் போயிருக்கிறாள். அப்பாவுக்குக் கை ஆறிவிட்டது, தோல் கூட ஒட்டிவிட்டது. ஆனால் அவர் எந்தச் சுவிட்சையும் தொடுவதில்லை. நான் இருந்தால் டேய் ஃபேனைப் போடுடா என்பார். யாரும் இல்லையென்றால் வேர்த்துக் கொட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அம்மா கார்மென்ட்ஸ் வேலை முடிந்து வந்து பார்த்தபோது இருட்டிப்போய் வீட்டில் ஒரு லைட்டும் எரியவில்லை, கரண்டு இருக்கிறது, அவரும் இருக்கிறார். டாக்டரால் ஆகாததை நான் செய்து காட்டுகிறேன் என்று ஒரு திட்டம் போட்டேன். ஒரு சாயங்காலம் வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி என் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டு, ஐயோ கரண்டு போச்சே என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் எரிகிறது, நம் வீட்டில் மட்டும் இல்லை, எத்தனை நேரம்தான் ஒரு எலக்ட்ரீஷியனால் சும்மா இருக்க முடியும் என்பது என் கணக்கு. அவர் கொஞ்ச நேரம் மீட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போய் வயர்மேன் திம்மப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தார். திம்மப்பன் வரும்போதே, “என்னாண்ணா, எலக்ட்ரீஷியன் பொன்னுசாமி ஊட்டுக்கே நான் பீஸ் போடணுமா, காலம் தலைகீழா போச்சு” என்று சிரித்துக்கொண்டு வந்தவர், அப்பாவின் கையைப் பார்த்ததும் நேரே மீட்டர் பெட்டிக்குப் போனார். பெட்டியைத் திறந்து, “கட்டையவே காணோமேண்ணா” என்றார். அப்பா என் பக்கம் திரும்பி, உப்பிக்கொண்டிருந்த என் பையைப் பார்த்தார். “எலி இழுத்துனு போயிருக்கும், வேற ஒண்ணு போடு” என்றார். திம்மப்பன் போன பிறகு இடது கையை நீட்டினார், கட்டையைக் கொடுத்தேன். அடிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீயாச்சும் பாக்கெட்ல போட்டுக்கினியே” என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை, ஆனால் என்னை யாரும் கவனிக்கவில்லை.

அம்மா திரும்பி வந்துவிட்டாள். எங்கே விட்டேன் என்று கேட்கிறாள், மனசைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்ற இடத்தில் என்று சொல்லிவிட்டேன். நீ வருவதைப் பற்றி அப்பாவிடம் அவளே கேட்டாளாம். “பூபதி வந்து கடையில நின்னான்னா நான் ஒக்காந்துக்குவேன். ஒக்காந்தேன்னா அப்புறம் எந்திரிக்க மாட்டேன். வர வேணாம்னு சொல்லு” என்றாராம். ஆகவே நீ வேலையை விடக் கூடாது, இது அப்பா உத்தரவு, அம்மா உத்தரவு இரண்டும். கடையைப் பற்றிக் கவலைப்படாதே. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்தான் திறக்கிறேன், சனிக்கிழமையில் முழு நாள். பொறுப்பு முதலாளி என்று வைத்துக்கொள். நாகரசம்பட்டிக்காரர் ஒருவர் கொண்டுவந்த அரை எச்.பி. மோட்டாரை யார் துணையும் இல்லாமல் நானே செம்புக் காயில் சுற்றி, வார்னிஷ் அடித்து, பூட்டிக் கொடுத்தேன், கும்மென்று ஓடுகிறது. அப்பாவிடம் சொன்னேன், எத்தனை சுற்று போட்டாய் என்று மட்டும் கேட்டார், சொன்னேன், தலையாட்டினார். அம்மா இதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். உனக்கும் எழுது, பெரியவன் பயம் தீரும் என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ரொட்டியையே தின்று வயிற்றைக் காயவைக்காதே, நைட் ஷிஃப்ட் முடிந்து வண்டி ஓட்டாதே, கம்பெனி பஸ்ஸில் போ. எண்ணெய் தேய்த்துக் குளி. கோபத்தில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. உன் கையும் காலும் கண்ணும் நூறு வருசத்துக்கு நன்றாக இருக்கட்டும். இதை எழுதச் சொல்லும்போது அம்மா ‘கை’ என்பதை இரண்டு தடவை சொன்னாள், நான் ஒரு தடவைதான் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ஜெயமணி
(கன்னடத்தில் இருப்பது அவளே போட்ட கையெழுத்து)

அண்ணா, கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது. அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்து கடலை உரிக்கிறாள், இன்னும் என்னடா எழுதுகிறாய் என்றாள், அட்ரஸ் என்றேன். அந்த அரை எச்.பி. மோட்டாரை நான்தான் சுற்றினேன், அது நிஜம். கனெக்ஷனும் கொடுத்தேன். ஓட்டிப் பார்க்க ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. விரலைக் கொண்டுபோனேன், போய் நின்றுவிட்டது. நாகரசம்பட்டிக்காரர் எதிரில் நிற்கிறார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்த் திம்மப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர்தான் அமுக்கினார். அதன் பிறகு வந்த மோட்டாரை எல்லாம் அவர் கடைக்கே அனுப்பிவிடுகிறேன். ஷட்டரைத் தூக்குகிறேன், பெருக்குகிறேன், இறக்குகிறேன், பொறுப்பு முதலாளி பார்ப்பது இவ்வளவுதான். நீ வேலையை விட வேண்டாம். நாலு நாள் லீவு மட்டும் போட்டுவிட்டு வா. அப்பாவுக்காக என்று அம்மாவிடம் சொல்லிக்கொள், எனக்காக என்று சொன்னால் தெருவெல்லாம் தெரிந்துவிடும்.

சக்தி