பந்தெலிஸ் கடைப் போணி

செப்டம்பர் 28, திங்கள்

வெளியூர்க்காரர்களைத் தின்னக் கூட்டிப்போகும் என் தீனி நடைக்கு வழி முடிவாகிவிட்டது. எள்ளு வளைய ரொட்டியில் தொடங்கி, கபானி சந்தைக்குள் பந்தெலிஸின் ஆலிவ், பிறகு பாலேடு வைத்து மடித்துச் சுட்ட சூடான பூகாத்சா, ஒலிம்பியாவின் வறுத்த மட்டி, கடைசியில் குடல் சூப். பிறந்து வளர்ந்த தெசலோனிக்கியை ஐம்பத்தொரு வயதில் இரண்டு வாரமாகத் தின்றே தெரிந்துகொண்டேன். பாவாடை இடுப்பில் ஏற மாட்டேன் என்கிறது.

கடற்கரை ஓட்டல்காரர்கள் இரண்டு நடைகளை வைத்துப் பார்ப்பார்களாம். பிடித்தால் குளிர்காலம் முழுக்க அவர்களுடைய விருந்தாளிகள் என்னோடு. பிடிக்காவிட்டால்? இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த பயணச்சீட்டு அலுவலகம் மூடிவிட்டது. இந்த வயதில் வேறு யார் கூப்பிடுவார்கள்?

பேருந்து ஓட்டிவிட்டு வந்த அர்கிரிஸ், மிச்சமிருந்த பூகாத்சாவை விழுங்கிக்கொண்டே கேட்கிறார்: "நம்ம ஊர்ல ரொட்டி திங்க வழிகாட்டி வேணுமா? வாய் எங்க இருக்குன்னும் காட்டுவியா?" கட்டின புருஷன்!

அக்டோபர் 1, வியாழன்

ஐயோ. என்ன செய்துவிட்டேன்!

ஓட்டல் அனுப்பிய முதல் நடை, டென்மார்க்கிலிருந்து வந்த ஆறு பேர். காலை ஏழு மணி. பந்தெலிஸ் அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார். ஆளுக்குப் பதினான்கு வகை ஆலிவ் ருசிக்கக் கொடுத்தார். தின்றார்கள், படம் எடுத்தார்கள், "அருமை" என்றார்கள், கிளம்பிவிட்டார்கள். யாரும் ஒன்றும் வாங்கவில்லை. பூகாத்சா ஆறிவிடுமே என்று நானும் அவர்களை விரட்டிக்கொண்டு நடந்தேன்.

பின்னாலிருந்து பந்தெலிஸ் கத்தினார். "போணி ஆகலைம்மா! போணி ஆகாத கடையில வெறுங்கையோட போறியே, நீ இந்த ஊர்க்காரிதானா?" டென்மார்க்காரர்கள் வழியனுப்புகிறார் என்று நினைத்துக் கையாட்டினார்கள்.

அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதா? முதலில் வருகிறவர் ஒரு காசுக்காவது வாங்காமல் போனால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்று இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அக்டோபர் 2, வெள்ளி

நேற்று முழுக்கப் பந்தெலிஸுக்கு வியாபாரமே இல்லையாம்.

அக்டோபர் 3, சனி

மன்னிப்புக் கேட்கப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். எள்ளு வளையக்காரர், தட்டு நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு, "தீர்ந்துபோச்சு" என்றார். மீன்காரர் என்னைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த சந்தைக்கு நான் அவல்.

ஒலிம்பியா மட்டும் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து பேசினாள். "மன்னிப்பை வச்சு அவன் என்னடி பண்ணுவான்? உப்புத் தண்ணியில ஊறப் போடுவானா? போணியைக் கெடுத்தவ போணியைக் குடு!"

அழுகையாக வந்தது. கோபமும்தான்.

அக்டோபர் 5, திங்கள்

விடிந்ததும் விடியாததுமாகப் போய்க் கதவுக்கு முன்னால் நின்றேன். பந்தெலிஸ் கதவைத் தூக்கினார், என்னைப் பார்த்தார், பல்லைக் கடித்தார்.

"கால் கிலோ பச்சை ஆலிவ்."

'போ' என்ற சொல் அவர் வாய்வரை வந்தது, சொல்ல முடியவில்லை! முதல் ஆளைத் திருப்பி அனுப்பினால் அதைவிடப் பெரிய தரித்திரம் உண்டா? நிறுத்துக் கொடுத்தார். என் காசின் மேல் 'த்பூ' என்று துப்புவது போல் ஊதி, தாடியில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

அக்டோபர் 7, புதன்

மூன்றாவது நாள், மூன்றாவது கால் கிலோ. "இன்னும் ஒரு வாரம் இப்படியே போனா என்னைப் பிழிஞ்சாலே எண்ணெய் வரும்" என்கிறார் அர்கிரிஸ்.

அக்டோபர் 9, வெள்ளி

பேசிவிட்டார்! "நேத்து நீ போனதும் ஒரு கப்பல் சமையல்காரன் வந்து நாப்பது கிலோ அள்ளிட்டுப் போனான்." அவ்வளவுதான், முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் கால் கிலோவுக்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டார்.

மத்தியானத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒலிம்பியா என் கையைப் பிடித்து இழுத்தாள். "உன் கைராசியை அந்தக் கிழவனுக்கே எழுதி வச்சிருக்கியா? நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா?"

அக்டோபர் 12, திங்கள்

ஓட்டலிலிருந்து அழைப்பு. நாளைக்கு மேலாளரே வருகிறாராம், எட்டு விருந்தாளிகளோடு. நாளைக்கு! செவ்வாய்க்கிழமை, அதுவும் பதின்மூன்றாம் தேதி. அந்த நாளில் எங்கள் ஊரில் முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார்களே. ஜெர்மனியில் பிறந்த அந்த அம்மாளுக்கு அது எங்கே புரியப் போகிறது?

பந்தெலிஸிடம் ஓடினேன். கடையைத் திறக்கவே மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் தாடியைச் சொறிந்தார். "செவ்வாய் பதிமூணு அன்னைக்கு வேற யாரு கையை நம்பிக் கதவைத் திறப்பேன்? கூட்டிட்டு வா."

அக்டோபர் 13, செவ்வாய்

ஜெயித்துவிட்டேன்! எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

சந்தை நுழைவாயிலிலேயே சொல்லிவிட்டேன்: ஒருவர் வாங்கும்வரை யாரும் ருசிக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. கடைக்கு ஒருவர் போணி செய்ய வேண்டும். அவ்வளவுதான், எனக்கு உனக்கு என்று போட்டி! நெட்டையான ஒரு பெரியவர் ஒலிம்பியாவிடம் காசை நீட்டி, தானே அதை ஊதியும் காட்டினார். சட்டிக்குப் பின்னால் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எள்ளு வளையக்காரர் தீர்ந்துபோச்சு என்று சொல்லவில்லை. மேலாளர் அம்மாள் பூண்டுக் காடியை ஊற்றி இரண்டு கிண்ணம் குடல் சூப் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே, "மே மாசம் வரைக்கும் வாரம் ரெண்டு நடை. சரியா?" என்றார்.

சரியாவா! பந்தெலிஸ் கண்ணேறு படாமல் என் தலைக்கு மேல் மூன்று முறை துப்பினார். ஒரு துளி மூக்கில் விழுந்தது. துடைக்கவில்லை.

அர்கிரிஸ் இன்று பேருந்தில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னாராம்.

அக்டோபர் 19, திங்கள்

சந்தை மூலையில் புதிதாக மசாலாக் கடை வைக்கும் தம்பதியைப் பந்தெலிஸ் என்னிடம் அழைத்துவந்தார். புதன்கிழமை திறப்பு. நான் கட்டாயம் வர வேண்டுமாம்.

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

அந்தப் பெண் தயங்கினாள். பந்தெலிஸே சொன்னார். "புனித நீர் தெளிக்கப் பாதிரியார் பத்து மணிக்கு வருவாரு. நீ ஒன்பதரைக்கே வந்துடும்மா."