கியர் போட்டதும் போயிடுது

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பட்டறைக்கு ஒரு பழைய பிக்கப் வந்தது. "சும்மா நிக்கும்போது நல்லாத்தான் ஓடுது, கியர் போட்டதும் போயிடுது" என்றார் டிரைவர். அம்மா போன அன்று நீங்களும் போனில் அப்படித்தானே சொன்னீர்கள்: "உக்காந்திருந்தப்ப நல்லாத்தான் இருந்தா, எழுந்ததும் போயிட்டா." பானெட்டுக்குள் தலையை விட்டவன், வெகுநேரம் நிமிரவில்லை.

ரப்பர் குழாயில் விரிசல். அதன் வழியே வேண்டாத காற்று புகுந்ததால், கியர் போட்டு இன்ஜின் மேல் பாரம் ஏறியதும் அணைந்திருக்கிறது. குழாயை மாற்றினேன், வண்டி கிளம்பிவிட்டது.

மாத்திரையை மறக்காதீர்கள். அம்மாவின் போனுக்குத் தினமும் சார்ஜ் போடுங்கள். அந்த நம்பருக்கு நான் கூப்பிட்டால் எடுக்க வேண்டாம், அடிக்கட்டும்.

மேஸ்திரி அழைக்கிறார்.

உங்கள் மகன்